சத்தத்தைக் கூட்டியவள்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சீட்டு கிடைத்தது. இனிமேல் போன் பண்ணாதே, எழுதுவதானால் நீ வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு எழுது என்று இரண்டே வரி. எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. போனைத் தொலைத்துவிட்டாயா, இல்லை என் தொணதொணப்பு தாங்கவில்லையா? எதுவானாலும் சரி, எழுதுகிறேன். நான் கடிதம் எழுதுவதைப் பார்த்து எங்கள் போர்மேனுக்கு ஒரே சந்தேகம். யாரோ ஒரு பெண்ணுக்கு என்று முகாம் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறார். நானும் மறுக்கவில்லை. என் மதிப்பு கூடியிருக்கிறது.

மலையைக் குடைகிற வேலை எப்போதும் போலத்தான். நாளெல்லாம் துளைபோடும் எந்திரத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறேன். காதை அடைத்துக்கொண்டாலும் தூங்கும் வரைக்கும் உள்ளே ஒரு ரீங்காரம் போவதில்லை. சனிக்கிழமை காலை மட்டும் எங்கள் குழுவுக்கு ஓய்வு. அப்போது சாப்பாட்டுக் கூடத்தில் டிவி போடுவார்கள். போன வாரம் என்ன வந்தது தெரியுமா? நத்தைத் தபால்காரன். பழைய கார்ட்டூன்களை மறுபடி போடுகிறார்களாம். தாடியும் மீசையுமாக இத்தனை ஆம்பிளைகள் டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வாயைப் பிளந்து பார்த்தோம்.

எனக்கு எல்லாம் அப்படியே திரும்பி வந்துவிட்டது அக்கா. நம் வீட்டுச் சிமெண்டுத் தரை, இரண்டு தலையணை, நீ ஓரத்தைப் பிய்த்துவிட்டு எனக்குத் தரும் ரொட்டி. சத்தம் கூட்டும் குமிழ் கழன்றுபோய், அப்பாவின் குறடால் திருகுவாயே, ஞாபகம் இருக்கிறதா? நீ எப்போதும் சத்தத்தை ஏற்றிக்கொண்டே இருப்பாய். எதிர்வீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்துவார். நாம் சிரிப்போம். என் வாழ்க்கையில் அதைவிட நல்ல நேரம் ஒன்று இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. எந்தக் கதைக்கும் முடிவு எனக்கு ஞாபகம் வரவில்லை. நத்தை தபால் பையோடு மேட்டில் ஏறும், கதவு வரைக்கும் போகும். அப்புறம்? நீ பெரியவள், உனக்குத் தெரிந்திருக்கும். எழுது.

மருமகளுக்கு மாமாவின் முத்தம். அத்தானைக் கேட்டதாகச் சொல். அவர் அடைத்துவிட்ட பல் இன்னும் கல்லு மாதிரி நிற்கிறது.

உன் தம்பி

ஜனவரி 24

தம்பி,

கடை முதலாளி சாப்பிடப் போயிருக்கும் நேரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் கோபித்துக்கொள்ளாதே. குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டில் அடி. லென்ஸ் தேய்க்கும் வேலையையே இடது கையால்தான் செய்கிறேன். நெட்டை என்று நாங்கள் கூப்பிடும் தோழி ஒருத்தி கூட வேலை பார்க்கிறாள். என் பங்கில் பாதியை அவளே செய்துவிடுகிறாள்.

முதலில் ஒன்று. உறையின் மேல் உன் பெயரும் முகாம் முகவரியும் எழுதாதே. நீ எனக்கு எழுதுகிறாய் என்று அத்தானிடம் சொல்லாதே. கேட்டேன் என்று சொல்லச் சொன்னாய், நான் சொல்லவில்லை. ஏன் என்று இப்போது கேட்காதே.

நத்தையின் முடிவு எனக்கும் தெரியாது. நானும் பார்த்ததில்லை.

குறடு ஞாபகம் இருக்கிறது. தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்வேன். வாரம் முழுவதும் அதை எங்கே ஒளித்து வைப்பது என்பதுதான் எனக்குக் கவலை. அப்பா தேடுவார்.

பாப்பாவுக்கும் சனிக்கிழமை காலைதான் டிவி. அத்தானின் பல் ஆஸ்பத்திரி அன்றைக்குச் சாயங்காலம்தான் திறக்கும், அதனால் காலையில் வீட்டில் இருப்பார். அவள் டிவிக்கு ரொம்பக் கிட்டத்தில் உட்காருகிறாள். கண் கெட்டுப்போகும் என்று தினமும் கடையில் எத்தனை பேருக்குச் சொல்கிறேன், என் பிள்ளைக்குச் சொல்லத் தோன்றவில்லை. போன சனிக்கிழமை அவள் சத்தத்தை

முதலாளி வந்துவிட்டார். பிறகு எழுதுகிறேன்.

அக்கா

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டாய். அவள் சத்தத்தை என்ன செய்தாள்? கூட்டினாளா? கூட்டியிருப்பாள், உன் பிள்ளை அல்லவா.

மணிக்கட்டை டாக்டரிடம் காட்டினாயா? அத்தானே பாதி டாக்டர், அவர் பார்த்திருப்பார். அவரிடம் ஏன் மறைக்கச் சொல்கிறாய் என்றுதான் புரியவில்லை. உங்களுக்குள் ஏதாவது மனத்தாங்கலா? நான் குறுக்கே பேசக்கூடாது. ஆனால் அந்த மனிதரைப் போல ஒருவரை நான் பார்த்ததில்லை அக்கா. அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது அவர்தானே பக்கத்தில் உட்கார்ந்து பாதம் பிடித்துவிட்டார். என் பல்லைப் பிடுங்கும்போது கூட, "வலிக்காது, கொஞ்சம் பொறுத்துக்கோ"ன்னு அவர் சொன்ன விதத்தில் பாதி வலி போய்விட்டது. அப்பா போன பிறகு அப்பா ஸ்தானத்தில் எனக்கு இருந்தவர் அவர்தான். அப்பாவின் தோளில் உட்கார்ந்து ஊர்வலம் போனது மட்டும்தான் எனக்கு மிச்சம். பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷமே போய்விட்டாரே.

இங்கே இந்த வாரமும் கார்ட்டூன். பூனைகள் தீயணைப்பு வண்டி ஓட்டுமே, அது. பாதியில் கரண்ட் போய்விட்டது. எனக்கு முடிவு பார்க்க ஜாதகத்தில் இல்லை போலிருக்கிறது.

தம்பி

பிப்ரவரி 15

தம்பி,

இதை எழுதி இரண்டு தரம் கிழித்துவிட்டேன். நெட்டை பக்கத்தில் நின்றுகொண்டு, எழுது, நான் வாசலைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறாள். எழுதிவிடுகிறேன்.

நான் குளியலறையில் வழுக்கவில்லை.

அவர் என்னிடம் சத்தம் போட்டதே கிடையாது. அதனால்தான் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள் என்று இத்தனை நாள் இருந்தேன். இந்த ஊரில் குழந்தைகள் பயமில்லாமல் வாய் திறப்பது அவரிடம்தான். தெருவில் நடந்தால் எல்லாரும் நின்று கும்பிடுகிறார்கள். வீட்டுக்குள் வந்து படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டு, அதே குரலில், உனக்குச் சொன்ன அதே வார்த்தையைச் சொல்வார். "வலிக்காது, கொஞ்சம் பொறுத்துக்கோ." பிறகு கையைப் பிடிப்பார். எந்த இடத்தில் எவ்வளவு அழுத்த வேண்டும் என்று அவருக்குத் தெரியும். முகத்தில் ஒரு கீறல் விழாது. முடிந்ததும் அவரே மருந்து போட்டுவிடுவார்.

குளியலறைத் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்திருக்கிறார். போனைப் பார்க்கிறார், அதனால்தான் உன்னைப் பண்ணாதே என்றேன். நான் வெளியே போய்விட்டு வந்தால் செருப்பைத் திருப்பிப் பார்க்கிறார், எந்தத் தெரு மண் ஒட்டியிருக்கிறது என்று. வேடிக்கையாக இருக்கிறதா? எனக்கு முதலில் அப்படித்தான் இருந்தது. இப்போது நான் கடையிலிருந்து கிளம்பும்போது செருப்பைத் துடைத்துக்கொண்டு கிளம்புகிறேன்.

இத்தனையும் பொறுத்துக்கொண்டுதான் இருந்தேன். நான் விட்ட வாக்கியம் இதுதான்: போன மாதம் ஒரு சனிக்கிழமை, அவர் என்னை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கூடத்தில் பாப்பா கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். கதவு சாத்திய அடுத்த நொடி டிவி சத்தம் ஏறியது. கொஞ்சம் கொஞ்சமாக இல்லை, ஒரேயடியாக. அவர் கூடக் கையை எடுத்துவிட்டுக் கதவைப் பார்த்தார். அவளுக்கு இதை யாரும் சொல்லித் தரவில்லை. ரெண்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை.

தம்பி, நீ ரொம்ப சந்தோஷமாக எழுதுகிறாய். உன் கையிலிருந்து அதைப் பிடுங்க எனக்கு இஷ்டமில்லை. ஆனால் நான் ஏன் பயப்படுகிறேன் என்று உனக்குப் புரிய வேறு வழியும் இல்லை. சனிக்கிழமைதான் அப்பா வீட்டில் இருக்கும் நாள். முதல் நாள் குடித்தது காலையில் தலைவலியாக எழும்பும். அடுக்களைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டால் நான் குறடை எடுப்பேன். அம்மா உள்ளே சத்தம் வராமல்தான் இருப்பாள், ஆனால் பாத்திரம் விழுமே. நீ என்னிடம், "அக்கா, என்ன விழுந்துச்சு"ன்னு ஒரு தரம் கேட்டாய். நத்தைதான் விழுந்தது என்றேன். நீ சிரித்தாய். அதற்குப் பிறகு நீ கேட்கவே கூடாது என்று சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனேன். அடுக்களைக் கதவு திறக்கப் போகிறது என்று தெரிந்தால் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஓடிவிடுவேன். அதனால்தான் உனக்கு ஒரு கதைக்கும் முடிவு தெரியாது.

இதை யாரிடமும் பேசாதே. முக்கியமாக அவரிடம் பேசாதே.

அக்கா

பிப்ரவரி 23

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு எழுதவே கை வரவில்லை. நேராகச் சொல்கிறேன். நான் அத்தானோடு பேசிவிட்டேன்.

பேசாதே என்று நீ எழுதியிருந்தாய், தெரியும். ஆனால் கேட்காமல் எப்படி இருப்பேன்? மேட்டின் மேல் ஏறினால்தான் இங்கே சிக்னல் வரும். ஏறிப் போய்ப் பண்ணினேன். சண்டை போடத்தான் நினைத்தேன். அவர் கோபப்படவே இல்லை. அப்புறம் குரல் உடைந்துபோய், அம்மா இறந்ததிலிருந்து நீ சரியில்லை, தூக்கமில்லை, எதையாவது நினைத்துக்கொண்டு பயப்படுகிறாய், உன் கையை நீயே சுவரில் இடித்துக்கொண்டாய் என்றார். "நான் யார்கிட்டப்பா சொல்லுவேன், உன்கிட்டயாவது சொல்ல முடிஞ்சுதே"ன்னு அழுதார். நல்ல மனநல டாக்டர் ஒருவரிடம் பேசி வைத்திருக்கிறாராம்.

எனக்கு என்ன நினைப்பதென்று தெரியவில்லை. நீ பொய் சொல்வாய் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அப்பாவைப் பற்றியும் இப்படி எழுதியிருக்கிறாய். அப்பாவா? எனக்கு அப்பா என்றால் அந்தத் தோள்தான். அம்மா சாகும் வரை ஒரு வார்த்தை சொல்லவில்லையே. எல்லா இடத்திலும் உனக்கு ஒரே மாதிரி தெரிகிறதோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. தோன்றியதை மறைக்காமல் எழுதுகிறேன். டாக்டரைப் பார்ப்பதில் தப்பில்லை அல்லவா?

உடனே பதில் போடு.

தம்பி

மார்ச் 1

நீ பேசிவிட்டாய்.

இதை மருந்துச் சீட்டின் பின்னால் எழுதுகிறேன். நெட்டை கடையிலிருந்து வருவது போல என்னைப் பார்க்க வந்திருக்கிறாள். அவர் கூடத்தில் அவளுக்கு டீ போட்டுக்கொடுத்து, கடைவாய்ப் பல் எப்படி இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருக்கிறார். அவள் போகும்போது இதை எடுத்துப் போவாள்.

நான் இப்போது கடைக்குப் போவதில்லை. எனக்கு ஓய்வு வேண்டும் என்று அவரே முதலாளியிடம் சொல்லி நிறுத்திவிட்டார். உன் போன் வந்த அன்றைக்கு அவர் என்னை ஒன்றும் செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, "தம்பிக்கு எழுதினியாமே"ன்னு கேட்டார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டினார். அவ்வளவுதான். அன்றிலிருந்து என்னைத் தொடவே இல்லை. சிரித்த முகமாக இருக்கிறார். பாப்பாவுக்குப் புதுப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்தார், துணி வைக்கும் பெட்டி. ஆஸ்பத்திரியை விற்கப் போகிறாராம். வேறு ஊருக்குப் போகிறோம் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். எந்த ஊர் என்று கேட்டேன். "அங்க உனக்கு யாரும் தொந்தரவு குடுக்க மாட்டாங்க" என்றார்.

அடித்தபோது கூட எனக்கு இப்படிப் பயமாக இருந்ததில்லை.

நம்பினால் நம்பு. இனிக் கடைக்கு எழுதாதே. நெட்டையின் வீட்டு முகவரியைக் கீழே எழுதியிருக்கிறேன். அத்தானுக்குப் போன் பண்ணாதே. ஒரு தரம் போதும்.

மார்ச் 8

அக்கா,

நம்புகிறேன்.

எப்படி நம்பினேன் என்று நீ கேட்கமாட்டாய், ஆனால் சொல்ல வேண்டும். உன் சீட்டு கையில் கிடைத்தது வெள்ளிக்கிழமை. மறுநாள் காலை சாப்பாட்டுக் கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. சமையல்காரர் பின்கட்டில் தட்டுமுட்டுச் சாமான் கழுவிக்கொண்டிருந்தார். அந்த இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்று யாரோ சத்தத்தைக் கூட்டினார்கள். அந்த நேரம் பின்னால் ஒரு பெரிய பாத்திரம் விழுந்தது.

நான் சிரிக்கவில்லை அக்கா. என் உடம்பு பெஞ்சிலிருந்து இறங்கிவிட்டது. நான் இறங்கவில்லை, அதுவாக இறங்கியது. இரண்டு கையையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு தரையில் குந்தியிருந்தேன். போர்மேன் வந்து தோளைத் தொட்டபோது கத்திவிட்டேனாம். வெளியே இழுத்துவந்து உட்கார வைத்தார்கள். உட்கார்ந்திருந்தபோது மொட்டை மாடி வந்தது. நீ என் காது இரண்டையும் உன் உள்ளங்கையால் மூடிக்கொண்டு பாட்டுப் பாடுவாய். அம்மா மேலே வந்து துணி உலர்த்துவாள். கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டிருப்பாள். அத்தனை வெயிலில் ஏன் துண்டு என்று இப்போதுதான் கேட்டுக்கொள்கிறேன்.

மலையை வெடி வைத்து உடைக்கிற இடத்தில் வேலை செய்கிறவன் நான். அந்த ஒரு பாத்திரத்துக்குத் தரையில் ஒடுங்கிவிட்டேன். நீ தினம் தினம் எப்படி இருந்திருப்பாய் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நான் பேசியது தப்பு. அதைப் பற்றி நேரில் திட்டு. இப்போது அதற்கு நேரமில்லை. லீவு சொல்லிவிட்டேன். போர்மேன் தன் வண்டியைத் தருகிறார், ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரில் பெண்களும் பிள்ளைகளும் தங்குகிற காப்பகம் ஒன்று இருக்கிறது. மேட்டில் ஏறி அவர்களோடு பேசினேன். இடம் இருக்கிறது. அவர்களே வக்கீலும் பார்த்துத் தருவார்கள். எங்கே, எப்போது வர வேண்டும் என்று நீ சொல். நானாக எதுவும் செய்யமாட்டேன். நீ வேண்டாம் என்றால் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இங்கேயே இருக்கிறேன்.

தம்பி

மார்ச் 13

தம்பி,

வா. வீட்டுக்கு வராதே. அவரைப் பார்த்தால் நீ உட்கார்ந்து பேச ஆரம்பித்துவிடுவாய். யாரானாலும் அப்படித்தான். என்னையே இன்னும் பேசி உட்கார வைத்துவிடுவார் என்று எனக்குப் பயம்.

அடுத்த வாரம் சனிக்கிழமை காலை. பாப்பா கார்ட்டூன் பார்க்கும்போது அவர் கீழே இறங்கிக் காரைக் கழுவுவார். வேறு யாரிடமும் விடமாட்டார், சக்கரத்தின் இடுக்கு வரைக்கும் துணியால் துடைப்பார். எங்கள் கட்டடத்தில் குப்பை இறக்கும் பின்படி ஒன்று இருக்கிறது. அது கண்ணாடிக் கடையின் பின்சந்தில் போய் முடியும். நீ அங்கே வண்டியை நிறுத்திக்கொண்டு இரு. எஞ்சினை அணைக்காதே. நெட்டை சந்து முனையில் நிற்பாள்.

டிவியை ஓடவிட்டுவிட்டுத்தான் வருவேன். கீழே அவருக்கு அது கேட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

பாப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவிடம் சொல்லிவிடுவாளோ என்று இருக்கிறது. பெற்ற பிள்ளையிடம் இப்படி ஒரு பயம். அவளுக்கு அவர் மேல் ஆசை. அவளுக்கு அவரும் தோளில் தூக்கி வைத்துக்கொள்ளும் அப்பாதான்.

ராத்திரியெல்லாம் படிகளை மனதுக்குள் இறங்கிப் பார்க்கிறேன். ஒவ்வொரு தரமும் கடைசிப் படியில் அவர் நிற்கிறார். கையில் ஈரத் துணி. கோபமே இல்லாத முகம்.

நான் வராவிட்டால் ரொம்ப நேரம் காத்திருக்காதே, போலீசுக்குப் போ. என் மணிக்கட்டை நெட்டை போட்டோ எடுத்து வைத்திருக்கிறாள். பாப்பாவை நீ வளர்க்க வேண்டும். வேறு யாரிடமும் விடாதே.

அக்கா

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

முகாமுக்கு நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உன்னையும் மருமகளையும் காப்பகத்து வாசலில் விட்டுவிட்டுத் திரும்பியபோது வண்டி ஓட்டிக்கொண்டே அழுதேன். யாரும் பார்க்கவில்லை.

எனக்கு அந்தக் காலை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நீ ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்தாய். மருமகள் உன் இடுப்பில். அந்த உயரத்துப் பிள்ளையை எப்படித் தூக்கிக்கொண்டு அத்தனை படி இறங்கினாய் என்று தெரியவில்லை. அவள், "படம் இன்னும் முடியலம்மா, இன்னும் முடியல"ன்னு சொல்லிக்கொண்டே வந்தாள். நீ பதில் சொல்லாமல் வண்டிக்குள் அவளைத் தள்ளினாய். உன் உதடு வெள்ளையாக இருந்தது.

நீ பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். சந்தின் அந்த முனையில் அவர் நின்றுகொண்டிருந்தார். ஓடிவரவில்லை. கூப்பிடவில்லை. கையில் துணியை வைத்துக்கொண்டே, விருந்தாளியை அனுப்பி வைக்கிற மாதிரி, கையை அசைத்தார். அதை உன்னிடம் அப்போது சொல்லவில்லை. இப்போது சொல்ல வேண்டியதாகிவிட்டது.

ஏனென்றால் நேற்று அவர் இங்கே வந்தார்.

முகாம் வாசலில் காவலாளியிடம், மைத்துனனைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொல்லிப் பழக்கூடையோடு உட்கார்ந்திருந்தார். நான் போகவில்லை. சுரங்க வாயில் அருகே நின்று தூரத்திலிருந்து பார்த்தேன். காவலாளிக்குப் பல்வலி போலிருக்கிறது, அவன் வாயைத் திறந்து காட்ட, இவர் எட்டிப் பார்த்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்ததும் போர்மேனிடம் ஓடினேன். அவர் நாலு பேரோடு போய் நின்று, இங்கே அப்படி யாரும் இல்லை, கிளம்புங்க என்றார். இவர் மரியாதையாக எழுந்து கும்பிட்டுவிட்டுப் போனார். பழக்கூடையை வைத்துவிட்டுப் போய்விட்டார். யாரும் அதைத் தொடவில்லை. போர்மேன் அப்படியே பள்ளத்தில் கொட்டச் சொன்னார்.

காப்பகத்து அம்மாவுக்கும் வக்கீலுக்கும் போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். நீங்கள் இருக்கும் இடம் அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்னைத் தேடி வந்திருக்கமாட்டார். இதை ஆறுதலாகத்தான் எழுதுகிறேன்.

உன்னிடம் மறைக்கலாமா என்று யோசித்தேன். நம் வீட்டில் மறைத்தது போதும் என்று எழுதிவிட்டேன்.

கோர்ட்டு என்னவாயிற்று? மருமகள் என்ன செய்கிறாள்? அடுத்த மாதம் லீவில் வருகிறேன்.

தம்பி

ஏப்ரல் 19

தம்பிக்கு,

எழுதியது நல்லது. படித்துவிட்டு ஒரு நாள் முழுவதும் ஜன்னல் பக்கமே போகவில்லை. ஆனாலும் எழுதியது நல்லது.

கோர்ட்டில் பார்த்தேன் அவரை. தாழ்வாரத்தில் எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். புதுச் சட்டை. வக்கீல் அம்மாவைப் பார்த்து எழுந்து நின்று வணக்கம் சொன்னார். அந்த அம்மாவே ஒரு நிமிஷம் பதில் வணக்கம் சொல்லக் கையைத் தூக்கிவிட்டு இறக்கிக்கொண்டார். உள்ளே கூப்பிட்டபோது பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். நெட்டை சாட்சி சொல்ல வந்திருந்தாள். அவள்தான் அக்குளில் கை கொடுத்து நிறுத்தினாள். அவளுக்கு ஊருக்குள் எத்தனை பேச்சோ தெரியாது. நல்ல மனிதர் குடும்பத்தைக் கெடுத்தவள் என்று கடையில் இரண்டு பேர் முகத்துக்கு நேராகவே சொன்னார்களாம்.

நீதிபதியும் ஒரு பெண்தான். மெதுவாகச் சொல்லுங்கள் என்றார். உன் அத்தான் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், எப்போதும் போலச் சிரித்த முகமாக. நான் அவர் கையை மட்டும் பார்த்தேன். கையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்தபோது என் உள்பாவாடை நனைந்திருந்தது. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் ஒரு வார்த்தை விடவில்லை.

எங்கள் பக்கத்தில் அவர் வரக்கூடாது என்று உத்தரவு போட்டிருக்கிறார்கள். வழக்கு முடிய நாளாகுமாம். ஒரு காகிதம் அவரைத் தடுக்குமா என்று வக்கீல் அம்மாவிடம் கேட்டேன். "தடுக்கலன்னா உடனே எங்களுக்குப் பண்ணுங்க, காகிதத்த வச்சு உள்ள தள்ளலாம்" என்றார். பொய் சொல்லாத மனுஷி.

பாப்பா முதல் வாரம் என்னோடு பேசவில்லை. அப்பா எப்போது வருவார் என்று காப்பகத்து அம்மாவிடம்தான் கேட்டாள். நான் அவளிடம் சுற்றி வளைக்காமல் சொன்னேன். அப்பா என்னை அடிப்பார், உனக்கும் தெரியும், அதனால் வந்துவிட்டோம் என்று. நத்தை விழுந்தது என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. அவள் ரொம்ப நேரம் நகத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "எனக்குக் கேக்கும்மா, டிவிய எவ்ளோ வச்சாலும் கேக்கும்" என்றாள்.

அன்று ராத்திரி என்னைக் கட்டிக்கொண்டு தூங்கினாள். அவள் தூங்கிய பிறகு உன்னை நினைத்துக்கொண்டேன். உனக்கும் கேட்டுத்தான் இருந்திருக்கிறது. நான்தான் உனக்குக் கேட்கவில்லை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

இங்கே சின்ன அறை. ஒரு கட்டில், ஒரு அலமாரி. குளியலறைக்கு உள்ளே தாழ்ப்பாள் இருக்கிறது. முதல் நாள் அதைப் போட்டுவிட்டு வெளியே வரவே மனமில்லாமல் நின்றேன். பகலில் இங்கேயே தையல் அறையில் வேலை. மணிக்கட்டு இன்னும் முழுக்கத் திரும்பவில்லை. படியில் ஆம்பிளை நடை கேட்டால் ஊசி கையிலிருந்து விழுந்துவிடுகிறது. பால்காரர், மின்சாரம் சரிபார்க்க வருபவர், யாரானாலும் சரி. மற்ற பெண்களுக்கும் அப்படித்தான். ஒரே நேரத்தில் அத்தனை தையல் எந்திரமும் நின்றுபோகும். அப்புறம் யாராவது ஒருத்தி சிரிப்பாள், மறுபடி ஓட ஆரம்பிக்கும்.

அடுத்த மாதம் லீவில் வருகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வா. பாப்பா மாமா எப்போது வருவார் என்று இப்போதெல்லாம் கேட்கிறாள். ஆனால் ஒன்று சொல்லிவிடுகிறேன், மறக்காதே. வாசலில் வந்து மணியை அடிக்காதே. கதவையும் தட்டாதே. கீழே தெருவில் நின்று, வெட்கப்படாமல், நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அக்கா என்று கூப்பிடு. நீதான் என்று தெரிந்தால் நானே இறங்கி வந்து திறக்கிறேன்.

அக்கா